மூடிய கதவுக்குள் ஒரு முகூர்த்தப் புடவை

நலம் விசாரிக்கப் போன் செய்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்கிறார்கள். "போஸ்ட் ஆபீஸ்லதானே ஒட்டிக்கினு வந்துச்சு?" இல்லை. என் அலுவலகத்திலிருந்து வரவில்லை. எப்படி வந்தது என்பதை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல எனக்கு இன்னும் மூச்சு போதவில்லை. தலையணையில் சாய்ந்தபடி எழுத முடிகிறது. அதனால் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுப் போன் செய்யாமல் இருந்தால் இன்னும் சந்தோஷம்.

என் பெயர் கஸ்தூரி. பெரிய காஞ்சிபுரத்தில் தறி ஓடும் தெரு ஒன்றில் எங்கள் வீடு. நான் தபால் அலுவலகத்தில் கவுண்ட்டரில் உட்காருகிறவள். என் கணவர் சேகர் ஒரு பெரிய பட்டு ஜவுளிக்கடையில் பல வருடங்களாகப் புடவை எடுத்துப் போடுகிறவர். மகள் திவ்யா கல்லூரியில் இரண்டாம் வருடம். அந்த நாட்களில் அவளுக்குக் கல்லூரி என்றால் உள்ளறையும் ஒரு செல்போனும்தான். இரண்டாவது அலையில் முழு ஊரடங்கு போட்டபோது ஜவுளிக்கடைகளின் ஷட்டர் இறங்கியது. தபால் அலுவலகம் திறந்திருந்தது. ஆகவே எங்கள் வீட்டில் தினமும் வெளியே போய் வருகிறவள் நான் ஒருத்திதான்.

நான் எடுத்துக்கொண்ட ஜாக்கிரதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு மாஸ்க். அதற்கு மேல் முகத்தை மறைக்கும் பிளாஸ்டிக் தகடு. பாஸ்புக்கை வாங்கும் கைக்கு உறை. வீட்டுக்கு வந்தால் பின்பக்கமாக நுழைந்து குளித்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பேன். காய்கறிகள் எல்லாம் மஞ்சள் தண்ணீரில் ஊறும். சேகருக்கு இது தினசரி வேடிக்கை. "தக்காளிக்கும் ஒரு மாஸ்க் தெச்சிக் குடுத்துடு கஸ்தூரி, பாவம் அது மட்டும் எதுக்கு சும்மா இருக்குது?" என்பார். தடுப்பூசி முதல் டோஸும் போட்டிருந்தேன். அவர் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு முறுக்கிப் பிழிந்தது. சாயங்காலம் காய்ச்சல். மறுநாள் காலையில் காபியில் சர்க்கரை போடவில்லை என்று சேகரிடம் எரிந்து விழுந்தேன். அவர் இரண்டு கரண்டி போட்டிருந்தாராம். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அரசு ஆஸ்பத்திரியின் காய்ச்சல் பிரிவுக்குப் போனோம். வெளியே பந்தல் போட்டு, இடைவெளிவிட்டு நிற்பதற்குத் தரையில் சுண்ணாம்பால் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள். நல்ல ஏற்பாடு. ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு ஜோடி செருப்போ ஒரு பையோ இருந்தது. அவற்றின் சொந்தக்காரர்கள் எல்லோரும் வேப்பமர நிழலில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து யார் யாருக்கு எத்தனை டிகிரி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். செருப்புகள்தான் சமூக இடைவெளியை ஒழுங்காகக் கடைப்பிடித்தன. நான் வெயிலில் என் வட்டத்திலேயே நின்றேன். "ரொம்பத்தான்" என்று ஒரு அம்மா சொன்னது காதில் விழுந்தது.

பரிசோதனை என்பது வேறொன்றுமில்லை. நீளமான குச்சியின் நுனியில் பஞ்சு. அதை மூக்கில் விட்டு, மூக்கு முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்தையும் தாண்டித் திருகி எடுப்பார்கள். தொண்டையிலும் ஒன்று. அந்தப் பஞ்சில் வைரஸ் இருக்கிறதா என்று லேபில் பார்ப்பார்கள். எனக்குப் பாசிட்டிவ். வீட்டில் மற்ற இருவருக்கும் எடுத்தார்கள். திவ்யாவுக்குப் பாசிட்டிவ். சேகருக்கு நெகட்டிவ். இந்த நோய்க்கு ஆள் பார்த்து ஒட்டத் தெரியும் போலிருக்கிறது.

திவ்யாவுக்கு லேசான காய்ச்சலோடு போயிற்று. ஆனால் பெற்ற பெண்ணுக்கு நான் கொண்டுவந்து கொடுத்துவிட்டேனே என்பதுதான் காய்ச்சலைவிட என்னை வாட்டியது. சொந்தக்காரர்கள் அதில் எண்ணெய் ஊற்றினார்கள். "ஊரு பூரா வந்து போற எடம், லீவு போட்டுட்டு ஊட்ல இருந்திருக்கலாம் இல்ல?" என்று நாத்தனார் போனில் கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் சேகரும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அழுதபோது மட்டும், "வுடும்மா, எங்கருந்து வந்தா இன்னா இப்போ?" என்று கஷாயத்தை நீட்டினார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு அந்தக் கசப்பை ஒரே மடக்கில் குடித்தேன். நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

என் தம்பி சென்னையிலிருந்து விரலில் மாட்டும் சின்னக் கருவி ஒன்றை அனுப்பியிருந்தான். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். நல்ல உடம்புக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டும். எனக்குத் தொண்ணூற்றொன்றுக்கு வந்தபோது சேகர் கருவியைத் தட்டிப் பார்த்தார். பேட்டரியை மாற்றினார். பிறகு தன் விரலில் மாட்டிப் பார்த்தார். தொண்ணூற்றொன்பது. உடனே ஆட்டோ கூப்பிடப் போனார்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் வரிசை தெருவரை நின்றது. சி.டி. ஸ்கேன் நுரையீரலில் எவ்வளவு பாகம் கெட்டிருக்கிறது என்று காட்டும். இருபத்தைந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர், குறைவாக வாங்கினால்தான் பாஸ். நான் பன்னிரண்டு வாங்கினேன். ஒரு தனியார் மருத்துவமனையில் முன்பணமாகக் கேட்ட தொகையைக் கேட்டதும் சேகர் ஆட்டோவைத் திருப்பச் சொன்னார். அரசு ஆஸ்பத்திரியில் படுக்கை காலியாவதற்காகக் காத்திருந்தோம். ஆட்டோவிலேயே சாய்ந்திருந்தேன். என் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். மத்தியானத்துக்கு மேல்தான் உள்ளே கூப்பிட்டார்கள். கூட யாரும் வரக் கூடாது. வாசலில் என் பையைக் கொடுத்துவிட்டு, "போன எடு, எடுக்காம இருக்காதே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

வார்டில் முதல் சில நாட்கள் எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கின்றன. முகமூடி போன்ற ஒன்றை மூக்கிலும் வாயிலும் வைத்து அதன் வழியாக ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். அது சீறிக்கொண்டே இருக்கும். வாய் வறளும். கழற்றித் தண்ணீர் குடித்தால் உடனே கருவி கத்தும். நுரையீரலின் வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு ஊசி, அது சர்க்கரையை ஏற்றியதால் அதற்கு வேறு ஊசி. ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஒன்று. எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து குப்புறப் படுப்பது. நுரையீரலின் பெரும் பாகம் முதுகுப் பக்கம் இருப்பதால் கவிழ்ந்து படுத்தால் அதற்குள் காற்று நன்றாகப் போகுமாம். என் உடம்புவாகுக்கு அது எப்படிப்பட்ட தண்டனை என்று என்னைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பக்கத்துப் படுக்கையில் நூர்ஜஹான் அக்கா. ஜரிகை வியாபாரம் செய்யும் குடும்பம். எனக்கு இரண்டு நாள் முன்னால் சேர்ந்திருந்தவர். எழுந்து உட்கார முடிந்ததும் தன் கதையைச் சொன்னார். "எங்க ஓர்ப்படியோட அம்மா மவுத்தாயிட்டாங்கம்மா, வேற சீக்குல. சாவுக்கு இருவது பேருதான் வரணும்னு ஆர்டரு. எங்காளுங்க ரூலுன்னா ரூலு. இருவது பேரு உள்ள வருவாங்க, போவாங்க. அடுத்த இருவது வரும். பொழுது பூரா வந்துக்கினே இருந்தாங்க. ஒரு தடவைகூட இருவத்தியோராவது ஆளு உள்ள இல்ல. நான் மட்டும் எல்லா இருவதுகூடவும் உள்ளயே உக்காந்திருந்தேன்." சொல்லிவிட்டு இருமி இருமிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் ஆக்ஸிஜன் இறங்கி சிஸ்டர் ஓடிவந்து இருவரையும் திட்டினார்.

சேகர் தினமும் ஃபிளாஸ்க்கில் மிளகு ரசம் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். மிளகை அள்ளிப் போட்டிருப்பார் போல, ஃபிளாஸ்க்கின் அடியில் தூள் படிந்திருக்கும். எனக்கு வெந்நீராகத்தான் இருந்தது. "நல்லா இருந்துச்சா?" என்று ரோட்டில் நின்றே போனில் கேட்பார். "அருமை" என்பேன். மனம் குளிர்ந்து போவார். உள்ளே ஒரு கோடி பயம் இருந்தாலும், இந்த ஒரு மனுஷன் வெளியே நிற்கிறார் என்று தெரிந்தால்தான் குப்புறப் படுக்கத் தைரியம் வரும்.

முகமூடியை எடுத்துவிட்டு, மூக்கில் செருகும் சின்னக் குழாய்க்கு என்னை மாற்றிய நாளில் திவ்யா போன் செய்தாள். அவளுக்குத் தனிமை முடிந்து பொழுதுபோகவில்லை.

"அம்மா, ஒரு டவுட்டு. நமக்கு பாசிட்டிவ் வந்தா நம்மகூட இருந்தவங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும் இல்ல? அப்போ அந்த செய்யாறு பார்ட்டிக்கும் சொல்லணும் இல்ல?"

"எந்த செய்யாறு பார்ட்டி?"

"அப்பா சொல்லலயா?" என்றாள் மெதுவாக.

சொல்லவில்லை. அவள் சொன்னாள். எனக்குக் காய்ச்சல் வருவதற்குச் சில நாள் முன்பு, நான் அலுவலகத்தில் இருந்த ஒரு பகல் நேரத்தில், கல்யாணப் புடவை எடுக்க ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். கடை மூடியதும் சேகர் தனக்குத் தெரிந்த தறிக்காரர்களிடமிருந்து புடவைகளை வாங்கி வீட்டில் வைத்து விற்க ஆரம்பித்திருக்கிறார். திவ்யா உள்ளறையில் வகுப்பில் இருந்தாள். காபி போட்டுக் கொடுத்ததும் அவள்தான். எனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அன்று சாயங்காலம் நான் வழக்கம்போலப் பின்பக்கம் வந்து, குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டு, அவர்கள் உட்கார்ந்து எழுந்துபோன அதே கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்.

உடனே சேகரைக் கூப்பிட்டேன். நாலு வார்த்தைக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கித்தான் பேச முடிந்தது. சண்டை போடுவதற்கு இதைவிட மோசமான நிலை கிடையாது.

"செய்யாத்துலருந்து... யாரு வந்தது?"

"யாரு சொன்னது உனக்கு?" என்றார்.

"யாரு... வந்தது?"

"கல்யாணப் பொண்ணும்மா. முகூர்த்தம் வச்சிட்டாங்க, ஊர்ல ஒரு கடை தெறக்கல. அழுவாத கொறயா கேட்டாங்க. நான் ஒண்ணும் அஜாக்கிரதயா இல்ல. வாசல்லயே சோப்பு வச்சி எல்லாரயும் கை கழுவ வச்சிட்டுதான் உள்ள வுட்டேன். சானிடைசர் பட்டுல பட்டா கறையாயிடும்னு சோப்பே வச்சேன்."

"மாஸ்க்?"

"போட்டுக்கினுதான் வந்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா... பொண்ணு மூஞ்சி தெரியாம இந்தக் கலரு எடுக்குமா எடுக்காதான்னு எப்படிம்மா சொல்றது? அது மட்டும் கழட்டிச்சு. அவங்கம்மா அபிப்பிராயம் சொல்லணும், அத்தைங்க சொல்லணும்... மாஸ்க் போட்டுக்கினு பேசனா ஒண்ணும் புரியல."

கேட்கக் கேட்க எனக்குப் படம்போலத் தெரிந்தது. இந்த ஊரில் பட்டு எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதா? பாயை விரித்து எல்லோரும் சுற்றி உட்காருவார்கள். புடவையை விசிறிப் போடுவார்கள். முந்தானை கைக்குக் கை போகும். பெண்ணின் தோளில் போட்டுப் பார்ப்பார்கள். கடைசியில் அரக்கா மெரூனா என்று சந்தேகம் வந்தால் கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் வெயிலுக்குப் போக முடியாது, போலீஸ் ரோந்து. ஜன்னலைத் திறந்தால் அக்கம்பக்கம் பார்க்கும். ஃபேன் போட்டால் பிரித்த பட்டு பறக்கும். ஆகவே கதவு சாத்தி, ஜன்னல் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஒரு டியூப்லைட் வெளிச்சத்தில், மாஸ்க் இல்லாத ஏழெட்டு முகங்கள். வெளிச்சம் போதாததால் நிறம் முடிவாகவில்லை. நிறம் முடிவாகாததால் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். கடையில் அரை மணியில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

அன்று ரவுண்டுக்கு வந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். சின்னப் பெண். பாதுகாப்பு உடைக்குள் முகம் தெரியாது, முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய பெயர்தான் அடையாளம். "கை கழுவியிருந்தால் வராதுதானே டாக்டர்?" என்றேன். "கை கழுவறது நல்லதுதாம்மா. ஆனா இது முக்கியமா மூச்சுக் காத்துல போகுது. ரூம்ல ஒரு ஓரமா ஊதுபத்தி ஏத்துங்க. கதவு தெறந்திருந்தா வாசனை கலைஞ்சிடும். மூடியிருந்தா ரூம்ல இருக்கிற அத்தன பேருக்கும் போயிச் சேரும், அப்புறமும் கொஞ்ச நேரம் நிக்கும். அவ்வளவுதான்" என்றாள்.

இதில் யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. ஊரடங்கே வீண் என்று போனில் வியாக்கியானம் செய்கிறவர்கள் மேல் எனக்கு எரிச்சல்தான். அது வீண் இல்லை. வார்டில் படுத்துக்கொண்டு நானே பார்த்தேன். இன்றைக்கு ஊரை அடைத்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரி காலியாகாது. அடைப்பதற்கு முன்னால் வாங்கிக்கொண்டவர்களுக்குக் காய்ச்சல் வந்து, மூச்சு முட்டி, படுக்கைக்கு வந்து சேர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை கூட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். "பாத்தியா, அடைச்சும் ஒண்ணும் கொறயல" என்பார்கள். பிறகு மெல்லக் குறையும். நான் சேரும்போது நடைபாதையில் இருந்த கட்டில்கள் ஒவ்வொன்றாகப் போயின. "இப்பதான் உக்காந்து சோறு துன்றேன்" என்றார் சிஸ்டர். ஆனால் உத்தரவு ரோட்டையும் ஷட்டரையும் பார்த்துக்கொண்டது. மூடிய கடையிலிருந்து வியாபாரம் எங்கே போகும், சம்பளம் நின்றவன் என்ன செய்வான் என்று யாரும் பார்க்கவில்லை. உயரமான கூரையும் அகலமான வாசலும் உள்ள கடையை அடைத்தார்கள். அந்தக் கூட்டத்தைக் காற்றுப் போகாத என் கூடத்துக்குள் கொண்டுவந்து அடைத்தார் என் கணவர்.

சரி, எனக்கு வந்தது வந்தாயிற்று. இப்போது விஷயம் அதுவல்ல. அந்தப் பெண்ணுக்கு முகூர்த்தம் அந்த வாரக் கடைசியில். இங்கே உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள் மணமேடையில் நிற்பார்கள். ஐம்பது பேருக்கு அனுமதி. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வருவார்கள். அவர்கள் எல்லோரையும் இந்த வார்டில் வரிசையாகக் குப்புறப் படுக்க வைத்தது போல எனக்குக் கண்ணில் தெரிந்தது.

"அவங்களுக்குச் சொல்லுங்க" என்றேன் சேகரிடம்.

"சொல்லி? 'எங்க ஊட்ல வந்து உக்காந்தீங்களே, கொரோனா வந்துச்சு'ன்னா? ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா இந்த ஊர்ல எவன் என்னை நம்பிப் பொடவ குடுப்பான்? கடை தெறந்தா மொதலாளி உள்ள சேப்பாரா? ஏற்கெனவே தெருவுல நம்மது ரெண்டு கேசு. இன்னும் ரெண்டு வந்தா தகரம் வச்சி அடைச்சிடுவாங்க. அப்புறம் யார் ஊட்டுத் தறிக்கும் பட்டு வராது, ஜரிகை வராது. அத்தன பேர் வாயிலயும் நான் மண்ண போடணுமா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என் எரிச்சலைக் கூட்டியது. பொய்யாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். அடுத்த நாளும் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். அதற்கடுத்த நாள் நான் கேட்பதற்கு முன்பே, "ரசம் நல்லா இருந்துச்சா?" என்று பேச்சை மாற்றினார். "வெந்நீர் மாதிரி இருக்குது. மொத நாள்லருந்தே அப்படித்தான் இருக்குது" என்று போனை வைத்துவிட்டேன். நூர்ஜஹான் அக்கா தலையைத் திருப்பிப் பார்த்தார். "அவரு பேச மாட்டாரும்மா. ஆம்பளைங்களுக்கு யாவாரத்துல பேர் போனா உயிர் போன மாதிரி. நீ பேசு" என்றார்.

திவ்யாவிடம் சொல்லி, அவள் அப்பாவின் போனிலிருந்து நம்பர் எடுத்து வாங்கினேன். பெண்ணின் அம்மா, பெயர் விஜயா. போனில் பின்னால் பாத்திரச் சத்தமும் சிரிப்புமாக இருந்தது. கல்யாண வீடு. நான் யார் என்று சொல்லி, உங்களுக்குப் புடவை காட்டியவரின் மனைவி, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், எனக்கும் மகளுக்கும் கொரோனா, நீங்கள் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்று நின்று நின்று சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. திட்டுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

அந்த அம்மா நடந்து தனியே ஓரிடத்துக்குப் போவது கேட்டது. பின்னால் இருந்த சத்தம் அடங்கியது. பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் பேசினார்.

"உங்ககிட்டருந்து எங்களுக்கு வர்ல. எங்ககிட்டருந்துதான் உங்களுக்கு வந்திருக்கும். எங்க மாமனாருக்கு அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஜுரம். எனக்கும் உடம்பு வலி இருந்துச்சு. மாத்தர போட்டுக்கினு வந்தேன்."

"பின்ன ஏம்மா வந்தீங்க?"

"பொடவ எடுக்க நாள் பாத்தாச்சேம்மா."

அவரே தொடர்ந்தார். "ஜில்லா தாண்ட பாஸ் வேணும்னாங்க. ஆஸ்பத்திரின்னு போட்டாதான் வுடுவாங்கன்னு எங்க மாமனாரோட ஜுர சீட்டையே காட்டிக்கினு வந்தோம். அவரு ஊட்ல படுத்திருக்காரு, நாங்க அவரு சீட்ட காட்டிக்கினு பொடவ எடுக்க வர்றோம். நெனச்சா எனக்கே அசிங்கமா இருக்குது." அழ ஆரம்பித்துவிட்டார். "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சிக்காதீங்க. எல்லாக் கடையும் மூடியிருக்குதுன்னதும் என் பொண்ணு என் பழைய கூறப் பொடவையே போதும்னுச்சு. நானும் சரின்னுட்டேன். அப்பதான் கடையில பழகின பழக்கத்துல உங்க ஊட்டுக்காரரு போன் பண்ணி, 'வாங்க, நான் கதவு தெறந்து வுடறேன்'னாரு."

சுகாதார ஆய்வாளர் தினமும் நோயாளிகளுக்குப் போன் செய்து விசாரிப்பார். இதுவரை அவரிடம் "எல்லாம் போஸ்ட் ஆபீஸ்லதான் சார்" என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று விஷயத்தைச் சொல்லி விஜயாவின் நம்பரையும் கொடுத்தேன். அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு சேகருக்குப் போன் செய்து, விஜயா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். லாரி போகும் சத்தம் மட்டும் கேட்டது. ரோட்டில்தான் நின்றிருந்தார்.

கல்யாணம் தள்ளிப்போயிற்று. பெண் வீட்டில் அநேகமாக எல்லோருக்கும் பாசிட்டிவ். விஜயாவின் மாமனாரை அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தாமதம் ஆகியிருந்தது, அவர் திரும்பவில்லை. மாப்பிள்ளை வீட்டில் எழுபது தாண்டியவர்கள் நாலு பேர் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் தெருவில் எல்லோரையும் பரிசோதித்ததில் இன்னும் சிலருக்கு வந்தது, சேகர் பயந்ததுபோலவே தகரம் வைத்து அடைத்தார்கள். நான் டிஸ்சார்ஜ் ஆகி வந்தபோது தகரத்துக்கு இந்தப் பக்கமே ஆட்டோ நின்றுவிட்டது. சேகர் என்னைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போனார். தறிச் சத்தமே இல்லை. பழகிய முகங்கள் ஜன்னலிலிருந்து உள்ளே போயின. அவர் யாரையும் பார்க்கவில்லை, என் காலடியை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும், "மன்னிச்சிடு கஸ்தூரி" என்றார். மன்னிக்கவில்லை. அவர் தோளில் சாய்ந்துகொண்டு நின்றேன், அது வேறு.

தகரத்தை எடுத்துவிட்டார்கள். ஊரடங்கு இன்னும் முடியவில்லை. நேற்று மத்தியானம் நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு போன் வந்தது. வந்தவாசியிலிருந்து ஒரு பார்ட்டி, நிச்சயதார்த்தத்துக்குப் பட்டு வேண்டுமாம். "மூடியிருக்குதும்மா" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கெஞ்சினார்கள். "கதவ சாத்திக்கினும் காட்ட முடியாதும்மா. மூடியிருக்குதுன்னா மூடியிருக்குது" என்று வைத்தார். முகம் சரியில்லை.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"நான் காட்டலன்னா பரவால்லியாம். பின் தெருவுல மணி காட்டறானாம். சாயங்காலம் அங்க வர்றாங்களாம்."

மணி அவரோடு கடையில் வேலை செய்கிறவர். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. "அவருக்கு எதுக்குப் புத்தி இப்படிப் போச்சு?" என்றேன்.

சேகர் சட்டையை மாட்டிக்கொண்டே, "இந்த யோசனைய அவனுக்குக் குடுத்ததே நான்தாம்மா" என்றார். பிறகு பதிலுக்கு நிற்காமல், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் இறங்கிவிட்டார்.

"யோவ், மாஸ்க்க போட்டுக்கினு போய்யா, உள்ள போவாதே, வாசல்லயே நின்னு பேசு!" என்று படுக்கையிலிருந்தபடி தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தினேன். முழுவதும் ஒரே மூச்சில் வந்தது.